மதிப்பு வரிசை எண்

என் மாமா சினிமா பார்த்தவர் அல்ல. சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தவர். அம்மாவின் ஒரே தம்பியான அவர் பெங்களூர் அல்சூரில் ஒரு டாக்கீசில் கேட் வேலை செய்துவந்தார். டிக்கெட்டை இரண்டாகக் கிழித்துப் பாதியைத் திருப்பித் தருவது, விளக்கு அணைந்தபின் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது, இடைவேளைக் கூட்டத்தோடு ஓசியில் நுழைகிறவனைக் காலரைப் பிடித்து இழுப்பது, படம் விட்டதும் கதவைத் திறந்துவிடுவது, இவைதான் வேலை. கதாநாயகன் சாகும்போதும் சரி, தாலி கட்டும்போதும் சரி, மாமா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். அப்படியிருந்தும் எந்தப் படம் நிற்கும், எந்தப் படம் படுக்கும் என்று அவர் சொல்லிவிட்டால் எங்கள் தெருவில் அதற்கு அப்பீல் கிடையாது.

“படத்தைப் பாக்கறவன் ஏமாந்துடுவான். நான் மூஞ்சியப் பாக்கறேன்” என்பார். வெளியே வரும் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தால் ஐம்பது நாள். ஆண்கள் பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்தால் நூறு நாள். கதவு திறந்ததும் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்களானால் வெள்ளிக்கிழமை வேறு படம்.

டில்லியில் வருடா வருடம் நல்ல படங்களுக்கு ஜனாதிபதி கையால் பதக்கம் கொடுக்கத் தொடங்கி அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. தமிழ்ப் படங்களில் எதற்கு அந்த வெள்ளிப் பதக்கம் என்று மாமா இரண்டு வருடம் முன்கூட்டியே சொன்னார். இரண்டு வருடமும் பலித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் தெருவில் நடந்தால், “இந்த வருசம் டில்லியில இன்னாப்பா சொல்றாங்க?” என்று ஆட்கள் நிறுத்திக் கேட்பார்கள். டில்லிக்காரர்கள் இவருக்குக் கார்டு போட்டுக் கேட்டுக்கொண்டுதான் முடிவு செய்கிறார்கள் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

நம்பாதவர் ஒருவர் இருந்தார். அதே டாக்கீசில் மெஷின் ஓட்டிய ஆபரேட்டர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. மாமாவின் மீசை அரும்பு என்றால் அவருடையது அரிவாள்.

“ஏன் ஸ்வாமி, நான் ஒரு படத்தை ஓட்டைவழியா நூறு தடவை பாக்கறேன். நீ ஒரு தடவைகூடப் பாக்கல்ல. உனக்கு ஹேகே தெரியும்?” என்று கேட்பார்.

“நூறு தடவை பாத்தா அலுத்துப் போயிடும்ணா. அலுத்தவனுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்?” என்பார் மாமா.

மூன்றாவது வருடம் இந்தச் சண்டை ஒரு பந்தயத்தில் போய் நின்றது. மதராசிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சினிமாப் பத்திரிகை வாசகர்களுக்குப் போட்டி வைத்திருந்தது. மூன்று படங்களின் பெயரைப் பத்திரிகையே அச்சடித்திருந்தது. டில்லியில் எது முதலாவதாக, எது இரண்டாவதாக, எது மூன்றாவதாக வரும் என்று கட்டங்களை நிரப்பி அனுப்ப வேண்டும். கூப்பன் இரண்டு பாதி. ஒன்று பத்திரிகைக்கு, மற்றது நமக்கு. சரியாகச் சொன்னவருக்குக் கைக்கடிகாரம். ஆனால் கடிகாரத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. டாக்கீசுக்கு எதிரே இருந்த சலூனில், ஒரு திங்கட்கிழமை காலையில், எவன் சொன்னது தப்போ அவன் மீசையை எடுப்பது என்று இருவரும் கைமேல் கை அடித்துவிட்டார்கள். சலூன்காரர் நடுவர். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். “நடுவர் வாசிக்கலாம், எழுதக்கூடாது. அதான் நியாயம்” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அதனால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினார். வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் தெரியும், எழுத்து தெரியாது. மாமாவும் அப்படியே. நான் நான்காம் வகுப்பு. வருகிற கடிதம், மருந்துச் சீசாவின் மேல் ஒட்டிய காகிதம், கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் தெருவில் என்னிடம்தான் வரும். எனக்குப் பாதி புரியாது. புரியவில்லை என்று சொல்லும் வழக்கமும் கிடையாது.

சலூன் நாற்காலியில் பலகை போட்டு, முடி வெட்டிக்கொள்ள வந்த சிறுவனைப்போல என்னை உயரமாக உட்கார வைத்தார்கள். கையில் பேனா. கூப்பனில் அச்சடித்திருந்ததை மனதுக்குள் படித்தேன்: “ஒவ்வொரு படத்துக்கும் எதிரே அதன் மதிப்பு வரிசை எண்ணை எழுதுக.”

எங்கள் தமிழ் வாத்தியார் ‘மார்க்கு’ என்று யாராவது சொன்னால் பெஞ்சின்மேல் ஏற்றுவார். ‘மதிப்பெண்’ என்றுதான் சொல்ல வேண்டும். மதிப்பு இருக்கிறது, எண் இருக்கிறது, நடுவில் ஏதோ வரிசை என்று இருக்கிறது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அண்ணன் தங்கச்சி படம் ஒசத்தி. அடுத்தது சாமி படம். கடைசி கத்திச்சண்டை” என்றார் மாமா. அவர் எந்தப் படத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. நான் அண்ணன் தங்கைக்கு 3 போட்டேன், சாமிக்கு 2, கத்திச்சண்டைக்கு 1. எங்கள் வகுப்பில் மூன்றுக்கு மூன்று வாங்குகிறவன் கெட்டிக்காரன்; ஒன்று வாங்குகிறவன் வெளியே நிற்பான்.

“எனக்குத் தலைகீழா போடு மரி. கத்திச்சண்டைதான் பஸ்ட்டு. சாமி நடுவுல. அழுகைப் படம் கடைசி” என்றார் ஆபரேட்டர். சின்னப் பையன்களை அவர் ‘மரி’ என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் அதேபோல மார்க்கு போட்டுக் கொடுத்தேன். பத்திரிகைக்குப் போக வேண்டிய பாதிகளை நானே ஓடிப்போய்த் தபாலில் சேர்த்தேன். மற்ற இரண்டு பாதிகளையும் சலூன்காரர் ஒரு கவரில் போட்டு, பசை தடவி ஒட்டி, நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் செருகினார். முடிவு வரும்வரை யாரும் பிரிக்கக் கூடாது.

வீட்டில் அம்மாவுக்கு இந்தச் செய்தி தெரிந்தபோது அவள் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அவளுக்கு டில்லியும் பதக்கமும் பொருட்டல்ல. மாமாவுக்கு ஆனேக்கல்லில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். பெண்ணுக்கு ஒரு தம்பி, இரண்டு பசு. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதாக, மாமாவைக் கேட்காமலேயே சொல்லி அனுப்பியாகிவிட்டது.

“மீசை எடுத்துட்டுப் போனா அவங்க இன்னா நெனைப்பாங்க? வீட்டுல சாவு விழுந்திருக்குன்னுதானே நெனைப்பாங்க? துக்கத்தோட பொண்ணு பாக்க வந்தானேன்னு வாசல்லயே நிறுத்திடுவாங்கடா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“அதெல்லாம் போவாதுக்கா. ரெண்டு வருசமா நான் சொன்னது தப்பாப் போச்சா?” என்றார் மாமா. ஆனேக்கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெட்கப்படுகிறார் என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

எனக்குக் கவலை இல்லை. மாமா சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாரக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதல்முறையாகப் பரீட்சை அட்டை கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. நிறையக் கட்டங்கள், அவற்றில் நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு என்று ஏதேதோ எண்கள். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசிக் கட்டத்தில், சிவப்பு மையில், ஒன்று.

கடைசியில் இருப்பதுதானே முடிவு? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து எனக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அப்பா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். எண் தெரிந்தவர் அல்லவா, நேரே அந்த ஒன்றில்தான் கண் நின்றது.

“ஒண்ணா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழும் என்று முதுகை இறுக்கிக்கொண்டேன்.

“சரி விடு. நம்ம வம்சத்துக்கே முட்டைதான். ஒண்ணாவது குடுத்தானே” என்று சொல்லி, கட்டைவிரலில் மையைத் தடவி, அந்த ஒன்றின் பக்கத்திலேயே அழுத்தமாக ஒரு ரேகை வைத்தார். அடித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றிற்று.

சனிக்கிழமை மதியம் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. தூக்குச்சட்டியோடு அட்டையையும் எடுத்துப்போனேன். சாப்பிடும்போது மாமாவிடம் சொல்லி அழலாம் என்று. மாட்டினி தொடங்க நேரமிருந்தது. மாமா மேலே போயிருந்தார். பக்கவாட்டில், திரை தொங்கிய லேடீஸ் கேட்டில் மட்டும் ஆள் இருந்தது. பெண்களுக்குத் தனி வழி, தனி பெஞ்சுகள், டிக்கெட் கிழிக்கவும் ஒரு பெண். அவளை எல்லோரும் லேடீஸ் கேட் அக்கா என்போம். பிரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பின்புறம் வீடு. எட்டாவதுவரை கான்வென்டில் படித்தவள். ஒல்லியாக, எப்போதும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோல இருப்பாள்.

“ஏண்டா அழுவுற? சோறு கொட்டிடுச்சா?”

அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். ரேகையைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அட லூசு! இது மார்க்கு இல்லடா, ரேங்க்கு. ஒண்ணுன்னா கிளாசுக்கே நீதான் முதல் ஆளு!”

“ஒண்ணு சின்னதாச்சே அக்கா?”

“மார்க்குல பெருசு பெருசு. வரிசையில சின்னதுதாண்டா பெருசு. முதல்ல நிக்கறவனுக்கு ஒண்ணு, கடைசியில நிக்கறவனுக்கு நாப்பது.”

உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முதல் ஆள்! ஓடிப்போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். மற்றக் காலை வைக்கவில்லை. வரிசை. அந்தச் சொல்லை நான் எங்கே படித்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுபடி அழத் தொடங்கியதும் அக்கா பயந்துவிட்டாள். விக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாமா முதல் என்று சொன்னதற்கு நான் மூன்று போட்டுவிட்டேன், ஆபரேட்டருக்கும் அப்படியே. அவர் சொன்னது இவர் காகிதத்தில் இருக்கிறது, இவர் சொன்னது அவர் காகிதத்தில் இருக்கிறது. மாமா சொன்னது பலித்தால் மாமாவுக்கே மீசை போகும். ஊரெல்லாம் அண்ணன் தங்கை படத்துக்குத்தான் பதக்கம் என்கிறார்கள். மாமா சொன்னது என்றைக்குப் பலிக்காமல் இருந்தது?

அக்கா இதற்கும் சிரித்தாள். “போனா போவுது, உங்க மாமாவை மீசையில்லாமப் பாக்கணும்னு எனக்கும் ஆசைதான்.”

“சிரிக்காதீங்க அக்கா! அடுத்த ஞாயித்துக்கிழமை ஆனேக்கல்லுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். மீசையில்லாமப் போனா துக்கக்காரன்னு திருப்பி அனுப்பிடுவாங்களாம். அம்மா சொல்லிச்சு.”

“யாருக்குப் பொண்ணு?”

“மாமாவுக்குத்தான்.”

அக்காவின் சிரிப்பு நின்றது. என் தப்பு எவ்வளவு பெரியது என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் ஓர் அம்மாள் டிக்கெட்டை நீட்ட, அக்கா அதை வாங்கி இரண்டாகக் கிழித்தாள், பிறகு நாலாகக் கிழித்தாள், பிறகும் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

“ஏம்மா, மிச்சம் ஏதாச்சும் குடுப்பியா, இல்ல வாயில போட்டுக்குவியா?” என்றாள் அந்த அம்மாள்.

இடைவேளையில் அக்கா மாமாவைச் சோடாக்கடை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அவள் வேகவேகமாகப் பேசினாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கூப்பனுக்காக என் மாமா இப்படித் திட்டு வாங்குகிறாரே என்று நினைத்தேன். பிறகு மாமா ஏதோ சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டாள்.

மாமா என்னிடம் வந்தார். கோபமே இல்லை. கோலி சோடா ஒன்று வாங்கிக் கொடுத்து, “எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாத” என்றார்.

“சலூன்காரர்கிட்ட சொல்லி மாத்திடலாம் மாமா.”

“வேணாம்.”

“மீசை போயிடுமே?”

“போனா போவட்டும்டா. மீசைதானே?”

எனக்காக இப்படி ஒரு தியாகமா! சோடா மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. அடுத்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்பில் முதல் ஆள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ரயில் நிலையத்தில் எல்லா மூட்டைக்காரர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷம்கூட எனக்குள் இறங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், மாமாவின் மீசைக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டான் என்றால், அப்புறம் தெருவில் யார் என்னிடம் கடிதம் கொண்டுவருவார்கள்? எல்லாச் சாமியிடமும், கத்திச்சண்டைப் படத்துக்குப் பதக்கம் கொடு என்று வேண்டிக்கொண்டேன். சாமி படம் வரட்டும் என்று சாமியிடம் கேட்கத் தோன்றாதது எவ்வளவு விசித்திரம்!

அடுத்த சனிக்கிழமை காலை பேப்பரில் செய்தி வந்துவிட்டது. நான் போனபோது சலூனில் உட்கார இடமில்லை. மாமா ஒரு பக்கம், ஆபரேட்டர் ஒரு பக்கம். சலூன்காரர் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டினார். தமிழ்ப் படத்துக்கான வெள்ளிப் பதக்கம் என்றவர் ஒரு பெயரைப் படித்தார். நின்றார். மறுபடி படித்தார்.

“இது எந்தப் படம்யா?”

அண்ணன் தங்கை இல்லை. சாமி இல்லை. கத்திச்சண்டையும் இல்லை. பத்திரிகை அச்சடித்த மூன்றில் எதுவுமே இல்லை.

ஆபரேட்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். “அய்யய்யோ, அதா! மழைக்காலத்துல நாலு நாள் ஓடிச்சே. பாட்டும் இல்ல, பைட்டும் இல்ல. நானே மெஷின் பக்கத்துல தூங்கிட்டேன். ஒரு ஷோவுக்கு ஒன்பது பேரு!”

“அதுக்கா பதக்கம்? டில்லிக்காரனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்றது கூட்டம்.

“நல்ல படம்தான்” என்றார் மாமா.

எல்லோரும் திரும்பினார்கள். “நீ பாத்தியா? நீ எந்தக் காலத்துல படம் பாத்தே?”

“கூட்டமே இல்ல, கேட்டுல இன்னா வேலை? உள்ள போய்க் குந்தி முழுசாப் பாத்தோம். நாலு நாளும் பாத்தோம்.”

“பாத்தோம்னா? யாரு யாரு?” என்றார் சலூன்காரர்.

“தண்ணி கொதிக்குது பாருண்ணா” என்றார் மாமா.

சலூன்காரர் தண்ணீரை இறக்கி வைத்துவிட்டுத் தீர்ப்புக்கு வந்தார். “எவன் சொன்னது தப்போ அவன் மீசை. ரெண்டு பேரு சொன்னதும் தப்பு. அப்ப ரெண்டு மீசையும் எனக்கு.”

ஆபரேட்டர் இரண்டு கையாலும் மீசையை மூடிக்கொண்டார். “அது ஆகல்ல! பந்தயம் எங்க ரெண்டு பேருக்கு நடுவுல. யாரும் கெலிக்கல்ல, யாரும் தோக்கல்ல. கேன்சல்!”

“நடுவர் சொல்றது நியாயந்தான்” என்றார் மாமா. கூட்டம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தது.

யாரோ, கவரையாவது பிரித்துப் பார்க்கலாமே என்றார்கள். சலூன்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதை உருவினார். என் காதுக்குள் ரயில் ஓடிற்று. ஒட்டிய ஓரத்தில் நகத்தை வைத்தார். “மூணுமே இல்லேன்னு ஆச்சு. அதைப் பாத்து ஏன் பேஜார்?” என்று ஆபரேட்டர் அதைப் பிடுங்கி, வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். என் மூன்றும் இரண்டும் ஒன்றும் ஒரு நொடி சுருண்டு, கறுத்து, போய்விட்டன.

அன்று நான் ஓடிய ஓட்டத்தை அல்சூர் ஏரிக்கரையில் இன்றைக்கும் என்னால் அளந்து காட்ட முடியும். பாதி ஏரியைச் சுற்றிவிட்டு, கரையில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துக் காரணமில்லாமல் கத்தினேன். மீசை தப்பியது. கல்யாணம் தப்பியது. நான் தப்பினேன். டில்லிக்காரர்களைப்போல நல்லவர்கள் உலகத்தில் இல்லை.

சாயங்காலம் அம்மா மாமாவின் ஜரிகை வேட்டியை மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ நின்றார்கள். எனக்கு முதலில் ஆளே தெரியவில்லை. மூக்குக்குக் கீழே வெளுப்பாக, புதிதாக, ஓர் உதடு.

“அடப்பாவி! யாருடா செத்துட்டா?” என்று அலறினாள் அம்மா.

“யாரும் சாவலைக்கா. நான் சொன்னது தப்பாப் போச்சு. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்ல?” என்றார் மாமா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ஆபரேட்டர் எடுக்கவில்லையே என்று அம்மா கேட்டாள். அவரவர் சொல் அவரவருக்கு என்றார். மீசை முளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கடைசிப் பஸ்ஸில் ஆனேக்கல்லுக்கு ஆள் போயிற்று. அம்மா அழுதாள். அப்பா மட்டும் மாமாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வாக்குன்னா இதாண்டா வாக்கு” என்று என்னிடம் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. அதோடு, இது என் தப்பால் போன மீசை அல்ல என்பதில் ஒரு தனி நிம்மதியும் இருந்தது.

மறுநாள் ஆனேக்கல்லுக்குப் போவதற்குப் பதில் மாமாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு டாக்கீசுக்குப் போனேன். டிக்கெட் வாங்க வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். லேடீஸ் கேட் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் திரைக்குப் பின்னால் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. திரையை விலக்கி, “அழாதீங்க அக்கா. ஒரு மாசத்துல முழுசா மொளைச்சுடும்” என்று தேற்றினேன்.

“ஒண்ணும் அவசரமில்லடா” என்றாள் அக்கா. “மெதுவா மொளைக்கட்டும்.”

வகுப்பில் முதல் ஆளான எனக்கு அது மட்டும் விளங்கவே இல்லை.